ஆள் ஏற்றாத வண்டி

காலை நாலு மணிக்கு ஹோல்கர் ஷூவை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். வேலை ஆறரைக்கு. மற்ற நாளில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். இன்றைக்கு ஸ்ட்ரைக், டிராமும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. வெளியே மழை விழுந்த இடத்திலேயே ஐஸாக இறுகிக்கொண்டிருந்தது. ஊரின் தென்கோடியில் வீடு. சாலே ஆற்றுக்கு அக்கரையில், மேட்டின் மேல் ஆஸ்பத்திரி. நடுவில் முழுசாக ஏழு கிலோமீட்டர். சைக்கிளை எடுத்தால் தெருமுனையிலேயே விழுந்து எலும்பை எண்ணவேண்டியதுதான்.

டோரீன் அடுப்படி மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். டிராம் ஓட்டுகிறவளுக்கு நாலு மணி என்பது நல்ல விடியல். இருபத்திரண்டு வருஷமாக இந்த நேரத்தில்தான் அவளுக்குக் கண் முழிப்பு. ஸ்ட்ரைக் என்பதற்காகக் கண் கேட்குமா?

"ஈரல் சாசேஜ் வச்சு ரெண்டு ரொட்டி. வெள்ளரி ஊறுகாய் தனியா இருக்கு. எடுத்துக்க" என்றாள்.

"நீயே வச்சுக்க. நெருப்பைச் சுத்தி நின்னு கத்துறவங்களுக்குத்தான் பசி எடுக்கும்."

"நான் கத்தப் போகல. சீட்டுப் போட்டாங்க, எனக்கு விழுந்திருச்சு. ஐஸ் வண்டி ஓட்டணும்."

ஹோல்கர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான். நாலு நாள் சண்டையில் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

"அப்ப வண்டி ஓடுதா?"

"வண்டி ஓடும். ஆள் ஏத்தாது."

மழை ஐஸாகும் நாட்களில் மேலே போகிற மின்கம்பியை ஏதாவது ஒரு டிராம் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கம்பியில் விரல் கனத்துக்கு ஐஸ் பிடிக்கும், பிறகு ஸ்ட்ரைக் முடிந்தாலும் மூன்று நாளைக்கு எந்த வண்டியும் நகராது. அதனால் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தன. ஒரு வண்டி, ஒரு டிரைவர், பயணி கிடையாது. ஒரே ஒரு ஆள் ஏறினாலும் அது ஐஸ் வண்டி இல்லை, ஸ்ட்ரைக்கை உடைத்த வண்டி. நிர்வாகம் அதைப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடும்.

"எத்தனை மணிக்கு இந்தப் பக்கம் வருவே?" ஹோல்கர் கேட்டான்.

"கேக்காத."

"நான் உன் புருஷன் டோரீன்."

"அதனாலதான் கேக்காதன்னு சொல்றேன்."

"இன்னும் பதினோரு நாள். பதினோரே நாள்ல வேலை நிரந்தரம். ரெண்டு தடவை லேட்டாயிருச்சு. ஒண்ணு போன மாச ஸ்ட்ரைக்கு, இன்னொண்ணு உங்க வண்டி மார்க்கெட்ல படுத்துக்கிட்டதால. ரெண்டும் உங்க புண்ணியம். எங்க சூப்பர்வைசர் வுட்கே அம்மா என்ன சொன்னா தெரியுமா? மூணாவது தடவைன்னா காரணம் சொல்லவேண்டாம், நேரா வீட்டுக்குப் போயிருங்கன்னுட்டா. வேலைக்கு எப்படி வர்றதுங்கறது உங்க பாடுன்னு சட்டமே சொல்லுதாம்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கேபிள் ஆலை மூடியதும் பதினோரு மாதம் வீட்டில் கிடந்தவன் அவன். கார் போயிற்று. போன கையோடு அவனுடைய வாயும் போயிற்று. சாயங்காலம் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை கிடைத்த பிறகுதான் மனுஷன் சிரித்துப் பேச ஆரம்பித்தான். முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரிப்பதைக்கூட வந்து கதை கதையாகச் சொல்வான். இந்த வேலையும் போனால் அவன் மறுபடி அந்த ஜன்னலுக்கே போய்விடுவான் என்று டோரீனுக்கு உள்ளூரப் பயம்தான். அதை வெளியே காட்டிக்கொள்கிறவள் இல்லை அவள்.

"எனக்குச் சிறுநீரகத்துல கல் வந்தப்ப யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"கல் எதனால வந்துச்சு?"

கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்ப நாலு நிமிஷம் கொடுக்கிறார்கள். வண்டி லேட்டாக வந்தால் அந்த நாலும் இல்லை. கக்கூசுக்குப் போக நேரமில்லை என்று டோரீன் ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினாள். டாக்டர் திட்டியபோது பக்கத்தில் நின்று கேட்டவன் ஹோல்கர்தான்.

"பத்து நிமிஷம் குடுன்னு கேக்குறோம். ராத்திரி ஷிப்ட் முடிச்சவளை விடியக்காலையில கூப்பிடாதன்னு கேக்குறோம். இதை நான் கேக்காம வேற யாரு கேப்பா? நீ போய்ச் சேருவே. வேலை போகாது."

"எப்படிப் போவேன்?"

"நடந்து."

"உன் வாய்க்கு..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமலே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். ரொட்டி மேசையிலேயே கிடந்தது. டோரீன் அதைத் தாளில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

டிப்போ வாசலில் தகர உருளைக்குள் விறகு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை மாட்டிய நாற்பது பேர் சுற்றி நின்று கையைக் காய்ச்சினார்கள். ஒரு பானையில் சாசேஜ் வெந்தது. வாசலைத் தாண்டிய கார்க்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி, சோம்பேறிக் கூட்டம் என்று கத்தினான். சங்கத்துக்காரர் ரைனர் அவனுக்குக் கையசைத்து, "வாங்க, ஒரு சாசேஜ் சாப்பிட்டுட்டு அப்புறமாத் திட்டுங்க" என்றார். அவன் போய்விட்டான்.

ரைனருக்கு அறுபது வயசு. சிவப்பு மூக்கு, அதைவிடச் சிவப்பான தொப்பி. டோரீனைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒட்டுப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார்.

"கதவு பட்டன் மேல ஒட்டிவிடறேன்."

"எதுக்கு?"

"கை பழக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஐஸ் வண்டியில ஒருத்தன் நிறுத்தத்தைக் கண்டதும் கதவைத் திறந்துட்டான். என்னமா சிரிச்சாங்க தெரியுமா?"

"ரைனர், நான் இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன். எனக்கே பிளாஸ்திரியா?"

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறதாலதான் சொல்றேன்."

"உங்க மூக்குல ஒட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரைனரும் சிரித்துவிட்டுச் சுருளைப் பைக்குள் போட்டார்.

முன்னால், 'பயணிகளுக்கு அல்ல' என்று எழுத்து மின்னியது. கம்பியைத் தேய்க்கிற இடத்திலெல்லாம் தலைக்கு மேலே நீலப் பொறி பறந்தது. தெரு முழுக்க வெளிச்சம் அடித்து அடித்து அணைந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. காலி இருக்கைகளைக் கண்ணாடியில் பார்க்கும்போது டோரீனுக்கு யாரோ செத்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் நின்றார்கள். ஸ்ட்ரைக் என்று ஒரு வாரமாக ரேடியோ கத்தியும், ஒருவேளை வருமோ என்று வந்து நிற்கிறவர்கள். வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிவந்தார்கள். எழுத்தைப் படித்ததும் அந்த முகமெல்லாம் மாறியது. ஒரு கிழவர் குடையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பெண் வண்டியின் பக்கவாட்டில் பொத்து பொத்தென்று அறைந்தாள். ஒருத்தன் மட்டும் கட்டைவிரலைத் தூக்கி, "விடாதீங்க" என்று வாயசைத்தான். அந்த ஒருத்தனுக்காக டோரீன் மணியை ஒரு தட்டுத் தட்டினாள்.

மார்க்கெட்டையும் தாண்டி வடக்கே திரும்பிய பிறகு, நாலு ரோடு கூடுகிற ரெய்லெக்கில், வீட்டுச் சுவர் ஓரமாக ஒரு ஆள் போவது தெரிந்தது. முட்டியை மடக்காமல், ஒவ்வொரு ஜன்னல் திண்டையும் பிடித்துப் பிடித்துப் போனான். அந்த நடையை அவள் எங்கிருந்தாலும் அடையாளம் சொல்லுவாள். கோட்டின் ஒரு பக்கம் ஐஸும் சேறுமாக இருந்தது. எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறான்.

ஐந்து மணி நாற்பத்தெட்டு.

நீலப் பொறி அடித்ததும் ஹோல்கர் திரும்பினான். வண்டியைப் பார்த்தான், கண்ணாடிக்குப் பின்னால் யாரென்றும் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால், ரெண்டு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஜன்னலைப் பிடித்தான்.

டோரீன் வண்டியை நிறுத்தவில்லை. பாவி, ரொட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லையே என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அரைக் கிலோமீட்டருக்கு அவளுடைய கண் ரோட்டிலும் மனசு அந்த முட்டியிலுமாக இருந்தது. இறக்கத்தில் பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் வந்தது. கை தானாக பிரேக்கைப் பிடித்தது. வண்டி கோட்டில் அச்சாக நின்றது. கட்டைவிரல் பட்டனை அமுக்கியது.

நாலு கதவும் உஸ்ஸென்று திறந்தன.

என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைப்பதற்குள் பன்னிரண்டு பேர் உள்ளே. குளிரும் ஈரக் கம்பளி வாடையுமாக வந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண், "கடவுளே, ரொம்ப நன்றிம்மா" என்று டிரைவர் கதவைத் தட்டிச் சொன்னாள். டோரீனுக்கு ரைனரின் பிளாஸ்திரி கண்முன் வந்தது.

அவள் எழுந்து போய் நடுவில் நின்றாள்.

"தப்பு என்னோடது. கைப் பழக்கத்துல திறந்துட்டேன். இது ஐஸ் வண்டி, ஆள் ஏத்தக்கூடாது. தயவுசெஞ்சு இறங்கிருங்க."

யாரும் அசையவில்லை. காது வரை கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டிருந்த ஒருவர், கையிலிருந்த பையை மடியில் வைத்து இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"திறந்தது நீங்க. ஏறினது நாங்க. இனி ஓட்டுங்க."

"ஓட்ட முடியாது ஐயா."

"மாசா மாசம் பாஸுக்குப் பணம் கட்டறேன். உங்களுக்குச் சம்பளம் பத்தலைன்னா நான் ஏன் ஐஸ்ல நிக்கணும்? முதலாளியோட சண்டைன்னா அவர் வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. அவர் கார்ல போறார். மாட்டிக்கிட்டது நாங்கதான்."

"அதுவும் சரிதானே" என்றது ஒரு குரல்.

"என்ன சரி?" என்று பின்னாலிருந்து ஒரு குண்டு அம்மாள் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், பெயர் எதித். கையில் பிளாஸ்டிக் வாளி. "போன வருஷம் நாங்க வேலையை நிறுத்தினோம். மூணு நாள் குப்பை வாசல் வரைக்கும் வந்துச்சு. அப்பவும் மாட்டினது நோயாளிங்கதான், டைரக்டர் இல்ல. அதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு ரெண்டு கையுறைக்குப் பதிலா நாலு குடுத்தாங்க. யாருக்கும் வலிக்காத ஸ்ட்ரைக்கை எவன் கண்டுக்குவான்?"

"அப்ப நீங்களே இறங்கி நடங்க" என்றார் தொப்பிக்காரர்.

"எங்க நடக்கறது? பாலத்தைப் பாத்தீங்களா?"

அங்கேதான் சிக்கல். நிறுத்தத்துக்கு அப்பால் பாலம் கண்ணாடி போட்டதுபோல மின்னியது. உப்பு போடுகிற லாரி இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் ரெண்டு பேர் விழுந்து, ஒருத்திக்கு மணிக்கட்டு போய்விட்டதாம். மற்றவர்கள் பயந்து இங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஒருத்தி எழுந்து வந்து டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வார்டுல ராத்திரி முழுக்க நின்னவ எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா. நான் போகாம அவ வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுல அவளுக்குக் கைக்குழந்தை. ஒரே நிறுத்தம்தானேம்மா. யாரு பாக்கப் போறா?"

டோரீனுக்கு மனசு இளகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் கேட்டது தொப்பிக்காரராக இருந்திருந்தால் சுலபமாக மறுத்திருப்பாள். டிரைவர் அறையில் கண்ட்ரோல் ரூம் ரேடியோ கரகரத்தது. "ஐஸ் வண்டி, ஏன் நிக்குறீங்க?" அவள் எட்டிப்போய், "பாலத்தைப் பாக்குறேன், ரொம்ப வழுக்குது" என்று சொல்லி வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது நடுக்கதவுப் படிக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹோல்கர் நின்றான். மூச்சு வாங்கியது. அவன் உள்ளே ஏறவில்லை.

நடந்ததை அவனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. திறந்த கதவையும் பெண்டாட்டியின் முகத்தையும் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எல்லாரும் இறங்குங்க" என்றான்.

"நீங்க யாரு?" தொப்பிக்காரர் கேட்டார்.

"இதை ஓட்டுறவளோட புருஷன்."

வண்டிக்குள் ஒரு முணுமுணுப்பு.

"தெற்கு முனையிலருந்து நடந்து வர்றேன். ரெண்டு தடவை விழுந்தேன். ஆறரைக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல நிக்கலைன்னா எனக்கு வேலை இல்ல. ரெய்லெக்ல என்னைப் பாத்துட்டுத்தான் தாண்டிப் போனா. நீங்க இப்ப என்னென்ன சொல்லியிருப்பீங்களோ, அத்தனையும் நான் நாலு நாளா வீட்டுல சொல்லியாச்சு. இதைவிட மோசமாவும் சொல்லியாச்சு. என்கிட்டயே மசியாதவ உங்ககிட்டயா மசியப் போறா?"

எதித் கொல்லென்று சிரித்தாள். இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"அதான் உங்களுக்கும் கோபம் இருக்குல்ல. அப்புறம் எதுக்கு அவங்க பக்கம் பேசுறீங்க?" தொப்பிக்காரர் விடவில்லை.

"கோபம் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுபடி திட்டுவேன். அது என் வீட்டு விவகாரம். ஆனா உங்களை வச்சு இந்த வண்டி ஒரு அடி நகந்துச்சுன்னா டிப்போ வாசல்ல அத்தனை பேரு குளிர்ல நிக்கறது வீணாப்போயிரும், முதல்ல அகப்படறவ இவதான். சிறுநீரகத்துல கல் வர்ற வரைக்கும் தண்ணி குடிக்காம உங்களை ஏத்தி இறக்கினவ. இறங்குங்க. நின்ன வண்டியில உக்காந்தா நேரம்தான் போகும்."

முதலில் எதித் வாளியோடு இறங்கினாள். பிறகு நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒவ்வொருவராகப் போனார்கள். தொப்பிக்காரர் கடைசியில் எழுந்தார். "மாட்டுக்கும் குதிரைக்கும் நடுவுல விழுந்து சாகப்போறேன், அதுக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார். பாலத்துத் தூண்களில் ஒரு கல்மாடும் ஒரு கல்குதிரையும் நிற்கின்றன. அதைத்தான் சொன்னார்.

மணி ஆறு மூன்று.

டோரீன் கதவை மூடவில்லை. ஹோல்கரைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் காலடியில் இருக்கிற மிதி ஞாபகம் வந்தது. சக்கரம் வழுக்கினால் மிதிக்கிற மிதி. மிதித்தால் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிற நாலு பெட்டியிலிருந்தும் காய்ந்த மணல் குழாய் வழியாகத் தண்டவாளத்தில் கொட்டும். சரிவில் மணல் போடுவது டிரைவரின் இஷ்டம். எவ்வளவு போடலாம் என்று அந்தத் தாளில் சங்கமும் எழுதவில்லை, நிர்வாகமும் எழுதவில்லை.

"ஹோல்கர்" என்று கூப்பிட்டாள். "எல்லாரையும் வண்டிக்குப் பின்னால கூட்டிட்டு வா. ரெண்டு தண்டவாளம், ரெண்டு வரிசை. இரும்பு மேல மிதிக்காதீங்க, அது ஓரத்துல விழற மணல் மேல நடங்க. எனக்கு அம்பதடி தள்ளியே வாங்க."

"பின்னால வேற வண்டி வந்தா?"

"இன்னைக்கு இந்தத் தடத்துல இருக்கறது ஒரே வண்டி. அதை நான்தான் ஓட்டுறேன்."

அவன் வாயோரம் கொஞ்சம் சிரிப்பில் இழுத்துக்கொண்டது. அவள் பையிலிருந்து தாளில் சுற்றிய ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

"இது பயணி இல்லையே? இறங்கலாமா?" என்றான்.

"போய்த் தொலை."

அவள் கதவை மூடினாள். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. டோரீன் மிதியை அமுக்கி, எடுக்கவேயில்லை. மணல் கரகரவென்று கொட்டியது. கண்ணாடியில், கருத்து மின்னுகிற பாலத்தின் மேல் ரெண்டு பழுப்புக் கோடு நீண்டுகொண்டே வந்தது. அந்தக் கோட்டின் மேல் பதிமூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முன்னால் ஹோல்கர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நர்ஸ். பக்கத்து வரிசையில் எதித்தின் வாளி ஆடியது. தொப்பிக்காரர் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார், நிச்சயம் நல்லதாக இருக்காது. ஆனாலும் காலை அளந்து மணல் மேலேதான் வைத்தார். நடுப்பாலத்தில் காற்று தூக்கி அடித்தது. ஒருவரும் விழவில்லை.

கல்குதிரையைத் தாண்டினார்கள். அக்கரை மேட்டிலும் அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் ஹோல்கர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஏறுவது தெரிந்தது. டோரீனுக்கு, என் புருஷன்டா என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது, வண்டியில்தான் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது அடியில் மணல் தீர்ந்து கரகரப்பு நின்று, வெறும் காற்று சீறியது.

பதினொரு மணிக்கு வண்டியை டிப்போவில் விட்டாள். ரைனர் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மணல் எங்க டோரீன்?"

"வழுக்குச்சு."

"நாலு பெட்டியுமா?"

"நல்லா வழுக்குச்சு." பிறகு அவள் நேராக நின்று சொன்னாள். "கதவையும் திறந்தேன் ரைனர். பாலத்து நிறுத்தத்துல. பன்னிரண்டு பேரு ஏறினாங்க. பன்னிரண்டு பேரும் இறங்கினாங்க. வண்டி ஒரு அடி நகரல."

ரைனர் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, வண்டிக்குள் ஏறி, பட்டன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ரெண்டு துண்டு ஒட்டினார். இந்தத் தடவை டோரீனே சுருளைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. ஹோல்கர் அனுப்பியிருந்தான்.

'வாசலுக்கு 6.27. வுட்கே அம்மா உள்ள விடல. ஷூவெல்லாம் மணலாம், சமையல்கட்டாச்சே, துடைச்சிட்டு வான்னா. துடைச்சு முடிக்கறப்ப 6.33. அவளே கடிகாரத்தைப் பாத்தா. அப்புறம் வாசல்ல நின்ன மத்தவங்க ஷூவையும் பாத்தா, எல்லாத்துலயும் மணல். 6.30ன்னு எழுதிட்டா. நாளைக்கும் ஸ்ட்ரைக்தானே? மணல் இருக்குமா?'

டோரீன் அதை ரெண்டு தடவை படித்தாள். நீட்டினாள். ரைனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மணல் ரொப்பறது ஒர்க்‌ஷாப் வேலை. அவங்களும் ஸ்ட்ரைக்" என்றார்.

"ஐஸ் வண்டி ஓடற நிலையில இருக்கணும்னு தாள்ல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டது நீங்க."

ரைனர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மணல் மேட்டுப் பக்கம் நடந்தார்.

"எவ்வளவு வேணும்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"கழுத்து வரைக்கும்" என்று சொல்லிவிட்டு டோரீன் இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள்.